தஞ்சாவூரில் உடைந்த வட்டமும், பத்து அங்குல ஸ்லைடு ரூலும்

பழைய ஸ்லைடு ரூல் ரிப்பேர் பண்றேன்னு சொன்னா, பாதிப் பேர் "அப்படின்னா என்னங்க?"ன்னு கேக்குறாங்க. மீதிப் பேர் "அதான் செல்போன்லயே கால்குலேட்டர் இருக்கே, எதுக்கு வேண்டாத வேலை?"ங்கறாங்க. ரெண்டாவது கேள்விக்கு என்கிட்ட நல்ல பதில் கிடையாது. முதல் கேள்விக்கு உண்டு. அதைச் சொல்லப் போயி ஆற்காடு, தஞ்சாவூர், கல்கத்தான்னு சுத்த வேண்டியிருக்கும். கொஞ்சம் பொறுமையா வாங்க.

ஸ்கூல்ல லாக் புக் பார்த்திருப்பீங்க. கிளார்க்ஸ் டேபிள்னு ஒல்லியா ஒரு புஸ்தகம். ரெண்டு எண்களைப் பெருக்கணும்னா ரெண்டோட லாகரிதத்தையும் தேடி எடுத்து, கூட்டி, கடைசியில ஆன்டிலாக் பார்க்கணும். நேப்பியர் 1614ல கண்டுபிடிச்சுக் குடுத்த குறுக்கு வழி அது. அந்த லாகரிதத்தை எண்ணா எழுதாம, நீளமா ஒரு கட்டை மேல கோடு போட்டா என்ன ஆகும்? கன்ட்டர் 1620ல அதைச் செஞ்சார். கொஞ்ச வருஷத்துல ஆட்ரெட் என்கிற பாதிரியார், அந்த மாதிரி ரெண்டு கட்டைகளை ஒன்றை ஒன்று உரசுற மாதிரி பக்கத்துல பக்கத்துல வெச்சார். ஒரு நீளத்தோட இன்னொரு நீளத்தைக் கூட்டினா பெருக்கல், கழிச்சா வகுத்தல். அவ்வளவுதான் ஸ்லைடு ரூல். நகர்ற கண்ணாடிக் கர்சரோட இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச வடிவம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல மான்ஹைம்ங்கற பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி கொண்டு வந்தது.

ஏற்காடு ரோடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போகும். அது ஏற ஆரம்பிக்கிற இடத்துலதான் நம்ம ஜாகை. எனக்கு ஸ்லைடு ரூல் ரெண்டு திசையிலேர்ந்து வரும். மேல எஸ்டேட் வீடுகளைக் காலி பண்றப்போ கிடைக்கிற பழைய சாமான்களோட சிலது வரும். கீழ சேலத்துல ரிடையரான இன்ஜினியர்கள் வீட்டு அலமாரியிலேர்ந்து சிலது வரும். சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆரம்பிச்சது 1966ல. அங்க முதல் சில வருஷம் படிச்சவங்க சட்டைப்பையில சொருகிட்டுப் போன கடைசித் தலைமுறை ஸ்லைடு ரூலுங்க இதெல்லாம். 1972ல ஹெச்பி-35 கால்குலேட்டர் 395 டாலருக்கு வந்தது, நாலஞ்சு வருஷத்துல அமெரிக்காவுல பெரிய கம்பெனிகளே ஸ்லைடு ரூல் செய்யுறதை நிறுத்திட்டாங்க. நம்ம ஊர்ல அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் மூச்சு இருந்தது.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, ஒண்ணே ஒண்ணுதான் :-)

சாதாரண பத்து அங்குல ஸ்லைடு ரூல்ல அளவுக்கோட்டோட நீளம் 25 சென்டிமீட்டர். இடது ஓரத்து 1லேர்ந்து 2ங்கற கோடு 75.3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கணும். 3ங்கற கோடு 119.3 மில்லிமீட்டர். 2ங்கற கோடு 0.11 மில்லிமீட்டர் இடம் மாறிப் போச்சுன்னா விடையில ஆயிரத்துல ஒரு பங்கு தப்பு வரும். 9 கிட்ட அதே அளவு மாறினாலும் அதே ஆயிரத்துல ஒரு பங்குதான். லாகரிதத்தோட அழகு அது, எந்த இடத்துலயும் தப்போட விகிதம் ஒண்ணுதான். 0.11 மில்லிமீட்டர்னா ஒரு ஜெராக்ஸ் பேப்பரோட தடிமன். அவ்வளவு நுணுக்கமா கோடு போட்ட சாமான் இது. மரம், தோல் உறை, கண்ணாடி எல்லாத்தையும் மாத்திடலாம். கோடு போச்சுன்னா கருவியே போச்சு.

கோடுதான் கருவிங்கறதை ஒரு மனுஷன் நம்ம தமிழ்நாட்டுலயே, தஞ்சாவூர்ல, ரொம்பக் கஷ்டப்பட்டுத் தெரிஞ்சுக்கிட்டார்.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10ந் தேதி, பரங்கிமலை பக்கத்துல ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால அளக்க ஆரம்பிச்சார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்த பெரிய சர்வேயோட தொடக்கம் அது. சங்கிலியால அளக்கிறது அந்த மாதிரி அடிக்கோடுகளோட சரி. மத்தபடி எல்லாமே கோணம்தான். ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா முக்கோணம் முழுக்கத் தெரிஞ்சிடும். அந்தக் கோணத்தை அளக்க லண்டன்ல வில்லியம் கேரி செஞ்ச தியோடலைட். அரை டன் கனம், 36 அங்குல விட்டத்துல ஒரு பித்தளை வட்டம், அதைச் சுத்திக் கோடு. இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே அதுக்கு ஒரு கண்டம். கப்பலைப் பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு மொரீஷியஸுக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் இது என்ன சாமான்னு பார்த்துட்டு, மரியாதையோட சென்னைக்கு அனுப்பி வெச்சார். எதிரி நாட்டுக்காரன் கருவின்னு கடல்ல போடாம அனுப்பினாரே, அந்தக் காலத்துலயும் இப்படி ஆளுங்க இருந்திருக்காங்க.

1808ல லாம்டன் தஞ்சாவூர்ல இருந்தார். நம்ம சேர்வராயன் மலை மாதிரி ஒண்ணு இருந்தா உச்சியில கருவிய வெச்சா முப்பது நாப்பது மைல் தெரியும். காவிரி டெல்டாவுல மலைக்கு எங்க போறது? தென்னையும் வயலும்தான். உசரமா இருந்தது பெரிய கோயில் விமானம் ஒண்ணுதான், இருநூறு அடிக்கு மேல. கருவியக் கயிறு கட்டி மேல ஏத்தினாங்க. பக்கவாட்டுல இழுத்துப் பிடிச்சிருந்த கயிறு அறுந்து, பெட்டியோட கோபுரத்துல போய் மோதிச்சு. உள்ள இருந்த வட்டம் நெளிஞ்சு போச்சு.

சட்டியில அடிபட்டா ஒரு நெளிவு, பரவாயில்ல. இதுல எவ்வளவு நெளிவு தாங்கும்? மேல போட்ட மாதிரியே கணக்கு. 36 அங்குல விட்டம்னா சுற்றளவு கிட்டத்தட்ட 2,873 மில்லிமீட்டர். ஒரு பாகைக்கு 8 மில்லிமீட்டர். ஒரு விநாடிக்கு, அதாவது பாகையில 3,600ல ஒரு பங்குக்கு, 0.0022 மில்லிமீட்டர். அதே ஜெராக்ஸ் பேப்பர் தடிமன் அளவுக்கு ஒரு கோடு இடம் மாறினா 50 விநாடி தப்பு. அம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கோபுரத்தைப் பார்க்கும்போது அது 12 மீட்டர் தப்பு. ஸ்லைடு ரூல்ல ஆயிரத்துல ஒரு பங்கு தர்ற அதே பேப்பர் தடிமன், இங்க ஒரு ஊரையே நகர்த்தி வெச்சிடும்.

வேற யாரா இருந்தாலும் லண்டனுக்கு எழுதிப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போய் வரணும், வருஷக் கணக்குல ஆகும். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள்ள புகுந்துட்டார். ராணுவத் தளவாடப் பிரிவோட தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்ல. கருவிய மொத்தமா அக்கு அக்காப் பிரிச்சார். ஒரு பெரிய தட்டைப் பலகையில தனக்கு வேண்டிய சரியான அளவுல ஒரு வட்டம் வெட்டினார். நெளிஞ்ச பித்தளை வளையத்தை அந்த வட்டத்துக்குள்ள வெச்சு, ஆப்பு, திருகு, கப்பி எல்லாம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா இழுத்து இழுத்து அந்த அளவுக்குப் பொருந்த வெச்சார். வளைஞ்சு போயிருந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியால தட்டித் தட்டி நிமித்தினாங்க. ஆறு வாரம். கிட்டத்தட்ட பழைய உருவத்துக்கு வந்துச்சு.

இதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல கண்ணுல பட்டது மரச்சுத்திதான். இரும்புச் சுத்தி எடுத்திருந்தா பித்தளையில தழும்பு விழும், அந்த இடம் மட்டும் நீளும். பாத்திரக் கடையில ஒடுக்கு எடுக்கிறவர் இன்னிக்கும் மரக்கொட்டாப்புளியால தட்டுறது அதனாலதான். அந்தக் கைவினைஞர்கள் யாரு, என்ன பேரு? சர்வே வரலாறு எழுதினவங்க "தலைமைக் கைவினைஞர்கள்"ங்கற ஒத்தை வார்த்தையோட தாண்டிப் போயிட்டாங்க. எனக்கு இதுல கோபம் உண்டு.

சுத்தியால தட்டி நிமித்தின வட்டம் எப்படிச் சரியாக் கோணம் காட்டும்? முழுசாக் காட்டாது. அதுக்குத்தான் எதிரெதிர்ப் பக்கத்துல மைக்ராஸ்கோப் வெச்சு ரெண்டுலயும் படிச்சு சராசரி எடுக்குறது. வட்டத்தோட நடுப்புள்ளி கொஞ்சம் விலகியிருந்தா, ஒரு பக்கம் கூடினது எதிர்ப்பக்கம் குறையும். லாம்டனுக்கு அப்புறம் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் (ஆமா, சிகரத்துக்குப் பேரு குடுத்தவரேதான்) இன்னும் ஒரு படி போனார். ஒவ்வொரு கோணத்தையும் வட்டத்தோட வேற வேற இடத்துலேர்ந்து ஆரம்பிச்சுத் திரும்பத் திரும்ப அளக்கணும்னு முறை வெச்சார். ஒரு இடத்துல கோடு தப்பா இருந்தா, இன்னொரு இடத்துக் கோடு அதைச் சரிக்கட்டிடும். இதுக்கு மேலயும் திருப்தி இல்லாம, லாம்டன் அளந்த தெற்குப் பகுதியை 1860கள்ல புதுக் கருவிகளோட மறுபடியும் அளக்க ஆரம்பிச்சாங்க. அதனால லாம்டனோட ரிப்பேர் வீண்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஆறு வாரம் இல்லைன்னா வேலை அங்கேயே நின்னிருக்கும். 1823 ஜனவரியில ஹிங்கன்காட்ல சாகுற வரைக்கும் அந்த மனுஷன் நிக்கவே இல்ல.

இனி ஆற்காட்டுக்காரர். சையத் மீர் மொஹ்சின் உசேன். சொந்த ஊர் ஆற்காடு, வேலை சென்னையில ஒரு நகைக்கடையில. சென்னைப் படையில பெரிய பதவியில இருந்த வாலண்டைன் பிளாக்கர் இவரோட கைவேலையக் கவனிச்சிருக்கார். 1823ல சர்வேயர் ஜெனரல் ஆன பிளாக்கர், இவரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். 1830ல எவரெஸ்ட் இங்கிலாந்துலேர்ந்து புதுக் கருவிகளையும், கூடவே ஹென்றி பாரோங்கற கருவி செய்யுறவரையும் கொண்டு வந்தார். கல்கத்தாவுல பட்டறை வெச்சாங்க. தஞ்சாவூர்ல அடிபட்ட அந்தப் பழைய கேரி தியோடலைட்டைப் பாரோ பெருமளவுக்குப் பிரிச்சு மாத்திக் கட்டினார். அந்தப் பட்டறையில மொஹ்சினும் இருந்தார். எவரெஸ்டுக்கும் பாரோவுக்கும் ஒத்துப் போகல, பாரோ 1839ல ஊருக்குத் திரும்பிட்டார். அடுத்து லண்டன்லேர்ந்து ஒருத்தரை வரவழைக்கணுமா? தேவையில்ல, மொஹ்சின் போதும்னு எவரெஸ்ட் விடாம நின்னு, 1843ல அவரையே கணிதக் கருவி செய்பவர்ங்கற பதவியில உக்கார வெச்சார். எவரெஸ்ட் லேசுல யாரையும் பாராட்டுற ஆள் இல்ல. சக ஆங்கிலேயர்களை அவர் திட்டி எழுதினதைப் படிச்சா நமக்கே பாவமா இருக்கும். அந்த மனுஷன் மொஹ்சினோட திறமையப் பாராட்டி எழுதி வெச்சிருக்கார்.

நகைக்கடைக்காரர் சர்வே கருவிக்குப் போனதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. கண்ணுக்குப் பக்கத்துல வெச்சு, மூச்சைப் பிடிச்சு, ஒரு மயிரிழை தள்ளாம இழைக்கிற கை அது. தங்கத்துல பழகின கை பித்தளையில வேலை செஞ்சது, வேற ஒண்ணுமில்ல. 1830ல தொடங்கின அந்தக் கல்கத்தா கருவி அலுவலகம்தான் பின்னால 1957ல நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லிமிடெட் ஆச்சு. அதுவும் நொடிச்சுப் போயி 2009ல ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் எடுத்துக்கிட்டது.

சரி, ஸ்லைடு ரூலுக்கு வருவோம். லாம்டனும் பாரோவும் மொஹ்சினும் ரிப்பேர் பண்ணினது கருவி மறுபடி அளக்கணும்ங்கறதுக்காக. அதுக்காக எதையும் மாத்தலாம், தட்டலாம், கழட்டிப் போடலாம். நான் ரிப்பேர் பண்ற ஸ்லைடு ரூல் இனிமே எந்தப் பாலத்துக்கும் கணக்குப் போடப் போறதில்ல. அதனால என் கட்டுப்பாடு அவங்களைவிட அதிகம். அது வேலை செய்யவும் வேணும், பழசாவும் இருக்கணும்.

முதல்ல வியாதி என்னன்னு பார்க்கணும். நடுச்சட்டத்தோட 1ஐக் கீழ்ச்சட்டத்து 2க்கு நேரா வைங்க. இப்ப 2க்கு நேரா 4, 3க்கு நேரா 6, 4க்கு நேரா 8, 5க்கு நேரா 10 வரணும். எல்லாம் ஒண்ணா ஒரே அளவு தள்ளி இருந்தா நீங்க வெச்சது சரியில்ல, அவ்வளவுதான். போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா விலகிட்டே போச்சுன்னா செல்லுலாய்டு சுருங்குதுன்னு அர்த்தம். பழைய ஜெர்மன் ஸ்லைடு ரூல் நிறைய மகோகனி மரத்து மேல வெள்ளை செல்லுலாய்டு ஒட்டினது. வயசாக வயசாக அது மஞ்சளாகும், சுருங்கும், ஓரம் தூக்கும். இதுக்கு வைத்தியம் கிடையாது. கோடு போன இடம் போனதுதான்.

மேல எஸ்டேட்லேர்ந்து வர்றதுல முக்கால்வாசிக்கு வேற வியாதி. மழையும் பனியும் குடிச்சு மரம் உப்பி, நடுச்சட்டம் அசையாது. இதுக்கு ஆளாளுக்கு வைத்தியம் பண்ணிட்டுத்தான் என்கிட்ட வருவாங்க. தேங்காய் எண்ணெய் விட்டிருப்பாங்க, மரம் அதைக் குடிச்சுக் கறுத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருப்பாங்க, கோடை காலத்துல மரம் இறங்கினதும் சட்டம் தொளதொளன்னு விழும். ஒண்ணும் பண்ண வேண்டாங்க. மூடி இருக்கிற டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ரெண்டு மூணு வாரம் வைங்க, தானா இறங்கும். அப்புறம் பள்ளத்துல லேசா மெழுகு, இல்ல கொஞ்சம் பவுடர். ஜப்பான் ஹெம்மி ஸ்லைடு ரூல் இந்தத் தொந்தரவே தராது, அது மூங்கில். ஈரத்துக்கு மூங்கில் அவ்வளவா அசைஞ்சு குடுக்காது.

அழுக்கு எடுக்கத் தினர், அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. அசிட்டோன் பட்டா செல்லுலாய்டு கரைஞ்சு கோட்டோட வழிஞ்சிடும். ஈரத்துணியில துளி சோப்பு, பிடிவாதமான கறைக்குப் பென்சில் ரப்பர், அது போதும். கோடு வெட்டின பள்ளத்துல மை போயிருந்தா கறுப்பு ஆயில் பெயின்ட்டைத் தேய்ச்சு உடனே துடைச்சிட்டா பள்ளத்துல மட்டும் தங்கும். கர்சர் உடைஞ்சிருந்தா அக்ரிலிக்ல புதுசு வெட்டி, பிளேடு முனையால ஒத்தைக் கோடு கீறி, மை தேய்க்கலாம். புதுசுன்னு தெரியுற மாதிரியே விட்டுடுவேன், பழசு மாதிரி மஞ்சள் அடிக்க மாட்டேன்.

போன வருஷம் சேலத்துலேர்ந்து ஒருத்தர் தன் அப்பாவோட ஸ்லைடு ரூலைக் கொண்டு வந்தார். அப்பா பொதுப்பணித்துறையில பாசனப் பிரிவுல வேலை பார்த்தவர், காலமாயிட்டார். "ஹால்ல கண்ணாடி போட்டு மாட்டணும், அப்படியே புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க, மேல யாரோ ஊசியால கீறி வேற வெச்சிருக்காங்க, அதையும் எடுத்துடுங்க"ன்னார். லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். ரெண்டு கீறல். ஒண்ணு 3.28கிட்ட, இன்னொண்ணு 3.53கிட்ட. கிறுக்கல் இல்ல, கர்சரை வெச்சு நேராப் போட்ட கோடு.

ஒரு மீட்டருக்கு 3.28 அடி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. 1956ல எடை, அளவைச் சட்டம் வந்து நாடே மெட்ரிக்குக்கு மாறினப்போ, கால்வாய்த் தண்ணிய கன அடியில பேசிப் பழகின ஒரு மனுஷன், கன மீட்டருக்கு மாத்திச் சொல்லத் தன் கருவியிலயே தானே ரெண்டு கோடு போட்டுக்கிட்டிருக்கார். கம்பெனி போட்ட கோட்டுக்கும் இவர் போட்ட கோட்டுக்கும் நுணுக்கத்துல பெரிய வித்தியாசம் இல்ல. நான் அளந்து பார்த்தேன், பேப்பர் தடிமனுக்குள்ளதான்.

மகன்கிட்ட இதைச் சொல்லி, கால்குலேட்டரையும் பக்கத்துல வெச்சு, அப்பாவோட கோட்டுல கர்சரை நிறுத்தி ரெண்டு கணக்குப் போட்டுக் காமிச்சேன். மேட்டூர்லேர்ந்து 20,000 கன அடி திறந்தா எத்தனை கன மீட்டர்னு அவரே நகர்த்திப் பார்த்தார். 566ன்னு வந்துச்சு, கால்குலேட்டர்லயும் 566தான். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கண்ணாடி போட வேண்டாங்க, அப்படியே குடுங்க"ன்னு வாங்கிட்டுப் போனார். கர்சரை மட்டும் மாத்தினேன், அழுக்கு எடுத்தேன். அந்த ரெண்டு கீறலுக்கும் மை கூட வைக்கல.

லாம்டனோட தியோடலைட் டேராடூன்ல சர்வே ஆஃப் இந்தியாகிட்ட இருக்கு. மரச்சுத்தி தட்டின இடம், பாரோ மாத்தின பாகம் எல்லாம் சேர்ந்துதான் இருக்கு. அதை யாராவது 1802ல வந்த மாதிரியே "புதுசு பண்ணுறேன்"னு கிளம்பாம இருக்கணும்.

வீட்டுல ஸ்லைடு ரூல் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: தோல் உறைக்குள்ள போட்டு மழைக்காலத்துல பூட்டி வைக்காதீங்க, பூஞ்சை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். உறை தனி, கருவி தனி. செல்லுலாய்டுல வினிகர் மாதிரியோ கற்பூரம் மாதிரியோ காட்டமா நெடி அடிச்சா மத்ததோட சேர்க்காம தனியா, காத்தாட வைங்க. கெட்டுப் போற செல்லுலாய்டு விடுற புகை பக்கத்துல இருக்கிறதையும் அரிக்கும். அடுப்புப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம், பத்திக்கும். அப்படியே அந்த 1க்கு நேரா 2 வெச்சுப் பார்த்து, 5 எங்க நிக்குதுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க.